சின்ன கார் விற்றால் கம்பெனி பிழைத்துவிடுமா? ஹெர்பர்ட் ஆஸ்டினின் கதை

கடனில் தள்ளாடிக்கொண்டிருக்கும் ஒரு கார் கம்பெனி. திடீரென்று அதன் சின்ன மாடல் ஒன்று சூடுபிடிக்கிறது. புக்கிங் எண்ணிக்கை செய்தியாகிறது, ஷேர் விலை ஏறுகிறது, கம்பெனி மீண்டுவிட்டது என்று தலைப்பு போடுகிறார்கள். சில வருடங்களுக்கு ஒருமுறை ஏதாவது ஒரு நாட்டில் இது நடந்துகொண்டேதான் இருக்கிறது. நிஜமாகவே மீண்டுவிட்டதா, இல்லை கொஞ்சம் மூச்சுவிட அவகாசம் கிடைத்திருக்கிறதா என்பது அந்த நேரத்தில் யாருக்கும் தெரிவதில்லை.

இதைப் புரிந்துகொள்ள நூறு வருடம் பின்னால் போகலாம். இங்கிலாந்தின் பர்மிங்காமில், கடன்காரர்கள் வாசலில் நின்றுகொண்டிருந்த ஒரு கார் கம்பெனியை ஒரு குட்டி கார் தூக்கி நிறுத்தியது என்று வரலாறு சொல்கிறது. கார் ஆஸ்டின் செவன். அதைச் செய்தவர் ஹெர்பர்ட் ஆஸ்டின். கதை பெரும்பாலும் உண்மைதான். ஆனால் அந்தக் கார் மட்டுமே கம்பெனியைக் காப்பாற்றியதா என்று கேட்டால், கணக்குப் புத்தகம் வேறு சில விஷயங்களையும் சொல்கிறது.

ஆட்டு ரோமத்தில் தொடங்கிய கார் வாழ்க்கை

1866 நவம்பரில் பக்கிங்காம்ஷயரில் லிட்டில் மிசெண்டன் என்ற கிராமத்தில் பிறந்தவர் ஆஸ்டின். வளர்ந்தது யார்க்ஷயரில். அப்பா அங்கே ஒரு பெரிய எஸ்டேட்டின் பண்ணையைப் பார்த்துக்கொண்டவர். பதினேழு பதினெட்டு வயதில் மாமாவோடு கப்பலேறி ஆஸ்திரேலியாவின் மெல்பர்னுக்குப் போனார். அங்கே இரும்புப் பட்டறை, மெஷின் ஷாப் என்று கையில் கிரீஸ் படிய வேலை கற்றார். 1887-ல் ஹெலன் டிரான் என்பவரைத் திருமணம் செய்துகொண்டார்.

அப்போது ஆஸ்திரேலியாவில் பெரிய தொழில் செம்மறி ஆடு. ஆட்டின் ரோமத்தை மெஷினால் கத்தரிக்கும் கருவியை ஃபிரெடரிக் வுல்ஸ்லி என்பவர் உருவாக்கியிருந்தார். அந்தக் கம்பெனியில் ஆஸ்டின் சேர்ந்து கருவியைச் செம்மைப்படுத்தினார். 1893-ல் பர்மிங்காமில் இருந்த அந்தக் கம்பெனியின் தொழிற்சாலையைக் கவனிக்க இங்கிலாந்துக்கே திரும்பி வந்தார்.

வந்ததும் ஒரு சிக்கல். வெளியில் வாங்கிய பாகங்கள் மட்டமாக இருந்ததால் விற்ற மெஷின்கள் பழுதாகிக்கொண்டிருந்தன. ஆஸ்டின் அவற்றைத் திரும்ப வாங்கி உடைத்துப் போட்டார். இனி முக்கியமான பாகங்களை நாமே செய்வோம் என்பது முடிவு. அதற்கு சொந்த ஃபேக்டரி வேண்டும், நல்ல மெஷின்கள் வேண்டும். சரி, அதெல்லாம் வந்தது. ஆனால் ரோமம் கத்தரிக்கும் கருவி சீசன் வியாபாரம். மற்ற மாதங்களில் ஃபேக்டரி சும்மா கிடக்கும். சும்மா கிடக்கும் ஃபேக்டரிதான் எந்த உற்பத்தியாளருக்கும் பெரிய எதிரி. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கதை முழுக்க இது திரும்பத் திரும்ப வரும்.

அந்தக் காலி மாதங்களை நிரப்ப சைக்கிள் பாகம், மெஷின் கருவி என்று என்னென்னவோ செய்து பார்த்த ஆஸ்டின், 1890களின் நடுவில் மூன்று சக்கர மோட்டார் வண்டி ஒன்றைச் செய்தார். 1901-ல் வுல்ஸ்லியின் கார் பிரிவை ஆயுதத் தயாரிப்பு நிறுவனமான விக்கர்ஸ் வாங்கியது. ஆஸ்டின் அதன் பொது மேலாளர் ஆனார். எஞ்சினை படுக்கையாக வைப்பதா, நிமிர்த்தி வைப்பதா என்று டைரக்டர்களோடு சண்டை. படுக்கை எஞ்சின்தான் சரி என்று பிடிவாதம் பிடித்து 1905-ல் வெளியேறினார். வேடிக்கை என்னவென்றால், சொந்தக் கம்பெனி தொடங்கியதும் அவர் செய்த முதல் காரிலேயே எஞ்சின் நிமிர்ந்துதான் இருந்தது!

பர்மிங்காமுக்கு வெளியே லாங்பிரிட்ஜ் என்ற இடத்தில் மூடிக்கிடந்த ஒரு அச்சகக் கட்டடம்தான் ஆஸ்டின் மோட்டார் கம்பெனியின் முதல் முகவரி. 1906-ல் முதல் கார் வந்தது. வசதியானவர்களுக்கான, உறுதியான, கொஞ்சம் கனமான கார்கள். 1914-ல் கம்பெனி பொதுமக்களிடம் பங்கு விற்றது.

போர் ஊதிப் பெருக்கிய ஃபேக்டரி

அதே ஆண்டு முதல் உலகப் போர் தொடங்கியது. லாங்பிரிட்ஜில் பீரங்கிக் குண்டு, விமானம், கவச வண்டி எல்லாம் தயாரானது. குண்டுகள் மட்டும் சுமார் 80 லட்சம், விமானங்கள் சுமார் 2,000. ஆட்கள் எண்ணிக்கை 20,000-ஐத் தாண்டியது. ஃபேக்டரி பல மடங்கு பெரிதானது. 1917-ல் ஆஸ்டினுக்கு சர் பட்டம் கிடைத்தது. ஆனால் வீட்டில் இருள். அவருடைய ஒரே மகன் வெர்னன் 1915 ஜனவரியில் பிரான்ஸ் போர்முனையில் கொல்லப்பட்டிருந்தார்.

1918-ல் போர் முடிந்தது. குண்டு ஆர்டர் நின்றது. கையில் இருப்பது ஒரு பிரம்மாண்டமான ஃபேக்டரி. அதை எதை வைத்து நிரப்புவது?

ஆஸ்டின் ஹென்றி ஃபோர்டு வழியில் யோசித்தார். ஒரே மாடல், நிறைய எண்ணிக்கை. அதற்கு அவர் தேர்ந்தெடுத்தது ஆஸ்டின் ட்வென்டி என்ற 3.6 லிட்டர் கார். அதே எஞ்சினை டிராக்டரிலும் லாரியிலும் போட்டார். யோசனை சரிதான், கார்தான் தப்பு. போருக்குப் பிந்தைய பிரிட்டனில் அந்த அளவு பெரிய காரை வாங்க அத்தனை பேர் இல்லை. வார்ப்பாலைத் தொழிலாளர்களின் நீண்ட வேலைநிறுத்தத்தால் உதிரிபாகம் வந்துசேரவில்லை. 1920-ல் சந்தையே சரிந்தது.

அதோடு ஒரு வரி வந்தது. 1921 ஜனவரி முதல் பிரிட்டனில் கார்களுக்குக் குதிரைத்திறனைப் பொறுத்து சாலை வரி, ஒரு குதிரைத்திறனுக்கு ஆண்டுக்கு 1 பவுண்ட். இதில் குதிரைத்திறன் என்பது எஞ்சினின் நிஜமான சக்தி இல்லை, சிலிண்டரின் குறுக்களவை வைத்துப் போடும் ஒரு ஃபார்முலா. அதன்படி ஆஸ்டின் ட்வென்டி 22.4 குதிரைத்திறன். வருடம் 23 பவுண்ட் வரி. ஃபோர்டின் மாடல் டி காருக்கும் கிட்டத்தட்ட இதே நிலைதான். பெரிய சிலிண்டர் வைத்த கார் வைத்திருப்பவர்கள் எல்லாரும் ஒரே இரவில் சிக்கிக்கொண்டார்கள்.

1921 ஏப்ரலில் ஆஸ்டின் கம்பெனிக்கு ரிசீவர் நியமிக்கப்பட்டார். அதாவது கம்பெனி மூடப்படவில்லை, ஆனால் கடன் கொடுத்தவர்கள் சார்பில் ஒருவர் வந்து உட்கார்ந்து சாவியைக் கையில் எடுத்துக்கொண்டார். தன் பெயரைச் சுமந்த கம்பெனியில், ஒரு செலவுக்கும் அடுத்தவர் கையெழுத்து வேண்டும் என்ற நிலை. ஆஸ்டினுக்கு அப்போது வயது 54.

பில்லியர்ட்ஸ் அறையில் பிறந்த கார்

இந்த நேரத்தில்தான் அவர் ஒரு குட்டி காரைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். டைரக்டர்களுக்கும் பிடிக்கவில்லை, கடன்காரர்களுக்கும் பிடிக்கவில்லை. அவர்கள் பயத்திலும் நியாயம் இருந்தது. அப்போது பிரிட்டனில் ‘சைக்கிள் கார்’ என்ற பெயரில் ஏகப்பட்ட குட்டி வண்டிகள் உலவின. மோட்டார் சைக்கிள் எஞ்சினும் பெல்ட்டும் வைத்து, மழையில் நனைந்தால் நின்றுவிடும் தகர டப்பாக்கள். அந்தக் கூட்டத்தில் போய் ஆஸ்டின் என்ற பெயரைக் கெடுத்துக்கொள்ள வேண்டுமா என்று யோசித்தார்கள்.

கம்பெனி பணம் தராவிட்டால் என்ன, என் பணத்தைப் போடுகிறேன் என்று இறங்கிவிட்டார் ஆஸ்டின். லாங்பிரிட்ஜ் டிராயிங் அலுவலகத்திலிருந்து ஸ்டான்லி எட்ஜ் என்ற 18 வயதுப் பையனை அழைத்துக்கொண்டார். லிக்கி கிரேஞ்ச் என்ற தன் வீட்டின் பில்லியர்ட்ஸ் அறையில் உட்கார்ந்து இருவரும் படம் வரைந்தார்கள். ஆஸ்டின் மனதில் இரண்டு சிலிண்டர் எஞ்சின்கூட இருந்தது. நான்கு சிலிண்டர்தான் சரியாக வரும் என்று அவரைச் சம்மதிக்க வைத்தது அந்தப் பையன். நாற்பது வருட அனுபவசாலி 18 வயதுக்காரனின் பேச்சைக் கேட்டது, என் பார்வையில், அந்தக் காரின் தலையெழுத்தையே மாற்றிய தருணம். இரண்டு சிலிண்டரோடு வந்திருந்தால் அதுவும் இன்னொரு சைக்கிள் காராகப் போயிருக்கலாம்.

1922 ஜூலையில் ஆஸ்டின் செவன் அறிமுகமானது. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே 6 அடி 3 அங்குலம்தான். எடை சுமார் 360 கிலோ. 696 சி.சி. எஞ்சின், கொஞ்ச நாளில் 747 சி.சி. ஆனது. நான்கு சக்கரத்துக்கும் பிரேக். அந்தக் காலத்தில் பல பெரிய கார்களிலேயே முன் சக்கர பிரேக் கிடையாது. கிளட்ச், பிரேக், ஆக்ஸிலரேட்டர் எல்லாம் இன்று நாம் ஓட்டும் காரில் இருக்கும் அதே வரிசையில். சுருக்கமாக, ஒரு முழு காரை அப்படியே சுருக்கியது போல. வரி? வருடத்துக்கு சுமார் 8 பவுண்ட்.

மோட்டார் சைக்கிளில் சைட்கார் மாட்டி, அதில் மனைவியையும் குழந்தையையும் உட்கார வைத்து மழையில் நனைந்துகொண்டு போகும் குடும்பஸ்தன்தான் இலக்கு. இந்த வரியைப் படித்ததும் ஸ்கூட்டரில் நான்கு பேர் போகும் காட்சியும் ஒரு லட்ச ரூபாய் நானோவும் உங்களுக்கு ஞாபகம் வந்திருக்கும். ஒரே எண்ணம், வெவ்வேறு முடிவு. நானோ மலிவு என்று பெயர் வாங்கியது. செவனை வாங்கியவர்கள் தாங்கள் கார் வாங்கிவிட்டதாக நினைத்தார்கள், மலிவான ஒன்றை வாங்கியதாக நினைக்கவில்லை.

சொந்தப் பணம் போட்டதற்குப் பதிலாக, காரில் இருந்த பல புதுமைகளை ஆஸ்டின் தன் பெயரிலேயே பேட்டன்ட் செய்துகொண்டார். விற்கும் ஒவ்வொரு காருக்கும் கம்பெனி அவருக்கு 2 கினி, அதாவது 2 பவுண்ட் 2 ஷில்லிங் ராயல்டி தரவேண்டும். கம்பெனி கஷ்டத்தில் இருக்கும்போது தலைவர் தனியாக லாபம் பார்ப்பதா என்று கேட்கலாம். ஆனால் டிசைன் செலவின் ரிஸ்க்கை கடன்காரர்களும் டைரக்டர்களும் ஏற்க மறுத்தார்கள், அவர் ஏற்றார். கார் விற்காமல் போயிருந்தால் நஷ்டமும் அவருக்குத்தான்.

விற்பனை எண்ணிக்கை சொல்லாத விஷயம்

1923, முதல் முழு ஆண்டு. செவன் எத்தனை தயாரானது தெரியுமா? சுமார் 2,500. எதிர்பார்த்ததைவிடக் குறைவு. அந்த எண்ணை மட்டும் பார்த்திருந்தால், திட்டம் ஊத்திக்கொண்டது என்றுதான் எழுதியிருப்பார்கள். 1920களின் கடைசியில் ஆண்டுக்கு 20,000-க்கும் மேல் ஆனது. 1939-ல் உற்பத்தி நின்றபோது மொத்தம் சுமார் 2,90,000. சைக்கிள் கார் தொழில் அதற்கு முன்பே அநேகமாகக் காலி.

அப்படியானால் 1923-க்கும் 1926-க்கும் நடுவில் கம்பெனி எப்படிப் பிழைத்தது? மூன்று பேர் பெயரைச் சேர்த்துச் சொன்னால்தான் இதற்கு பதில் கிடைக்கும்.

கடன் மறுசீரமைப்பு நடந்தபோது ஆஸ்டின் சேர்மனாகத் தொடர்ந்தார், ஆனால் மேனேஜிங் டைரக்டர் பதவி போனது. முடிவுகள் இனி ஒரு கமிட்டியின் கையில். 1922-ல் நிதிக்கு எர்னஸ்ட் பேட்டன் வந்தார், அவருக்குப் பின்னால் மிட்லண்ட் வங்கி. உற்பத்திக்கு கார்ல் எங்கல்பாக். இவரைக் கடன்காரர்கள் கமிட்டி வலியுறுத்திக் கொண்டுவந்தது. ஆஸ்டினுக்கு இது கசந்திருக்க வேண்டும். ஆனால் கம்பெனிக்கு மருந்து இதுதான். பேட்டன் காசை இறுக்கிப் பிடித்தார். எங்கல்பாக் ஃபேக்டரியை மாற்றி அமைத்தார். ஒரு கார் செய்யத் தேவைப்படும் ஆட்களின் எண்ணிக்கை அடுத்த சில ஆண்டுகளில் பல மடங்கு குறைந்தது. விலையைக் குறைத்தும் லாபம் பார்க்க முடிந்தது இதனால்தான்.

இன்னொரு விஷயம், செவனுக்குச் சற்று முன்பே வந்துவிட்ட ஆஸ்டின் ட்வெல்வ். 1,661 சி.சி. கார். டாக்டர்கள், கடை முதலாளிகள் வாங்கும் நடுத்தர வண்டி. பரபரப்பு இல்லை, ஆனால் சாகாத கார் என்று பெயர். பின்னாளில் லண்டன் டாக்ஸிகளில் பெரும்பகுதி இதன் வழித்தோன்றல்கள்தான். சின்ன காரில் ஒரு வண்டிக்குக் கிடைக்கும் லாபம் குறைவு. நடுத்தர காரில் அதிகம். ஒன்று ஃபேக்டரியை நிரப்பும், இன்னொன்று பெட்டியை நிரப்பும். இரண்டும் சேர்ந்தால்தான் அந்தப் பிரம்மாண்டமான லாங்பிரிட்ஜின் நிலையான செலவு கட்டுப்படியாகும். செவன் மட்டும் இருந்திருந்தால் போதுமா என்றால், எனக்கு சந்தேகம்தான்.

கம்பெனி மீண்டுவிட்டது என்ற நம்பிக்கை உள்ளே இருந்தவர்களுக்கே அப்போது முழுசாக இல்லை. 1924-ல் மோரிஸ், வுல்ஸ்லி, ஆஸ்டின் மூன்றையும் இணைக்க ஒரு முயற்சி நடந்தது. வில்லியம் மோரிஸ் மறுத்துவிட்டார். 1925-ல் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் ஆஸ்டின் கம்பெனியை விலைக்குக் கேட்டது. பேச்சுவார்த்தை வெகுதூரம் போனது, ஆனால் சொத்து மதிப்பில் உடன்பாடு வராமல் முறிந்தது. ஜி.எம். அதே ஆண்டு சுமார் 25 லட்சம் டாலருக்கு வாக்ஸ்ஹால் கம்பெனியை வாங்கிக்கொண்டு போனது. செவன் தெருவெங்கும் ஓடத் தொடங்கிய பிறகும் கம்பெனி விற்பனைக்கு மேஜையில் இருந்தது என்பதைக் கவனியுங்கள்.

எனக்கு நம்பகமான அறிகுறியாகப் படுவது 1927-ல் நடந்தது. ஆஸ்டின் இளமையில் வளர்த்தெடுத்த அதே வுல்ஸ்லி திவாலாகி ஏலத்துக்கு வந்தது. ஆஸ்டின் கம்பெனி அதைக் கேட்டது. ஜி.எம்.மும் கேட்டது. கடைசியில் 7,30,000 பவுண்ட் கொடுத்து எடுத்தவர் மோரிஸ். ஆஸ்டினுக்குக் கிடைக்கவில்லை. ஆனால் ஆறு வருடம் முன்பு ரிசீவர் கையில் இருந்த கம்பெனி, இன்னொரு கம்பெனியை ஏலம் கேட்கும் நிலைக்கு வந்திருந்தது. காசும் கடன் வாங்கும் தகுதியும் இல்லாமல் அந்த மேஜையில் போய் உட்கார முடியாது.

அதே கார், வேறு ஊர்

செவன் லைசென்ஸில் பல நாடுகளுக்குப் போனது. ஜெர்மனியின் ஐசனாக்கில் டிக்ஸி என்ற பெயரில் தயாரானது. 1928-ல் அந்த ஃபேக்டரியை வாங்கிய பி.எம்.டபிள்யூ.வின் முதல் கார் இதுதான். அதுவரை அவர்கள் மோட்டார் சைக்கிளும் விமான எஞ்சினும் செய்தவர்கள். பிரான்சில் ரோசன்கார் என்ற பெயரில் வந்தது.

அமெரிக்காவில் மட்டும் கதை மாறியது. பென்சில்வேனியாவின் பட்லர் நகரில் 1930-ல் அமெரிக்கன் ஆஸ்டின் என்று தொடங்கினார்கள். பொருளாதாரப் பெருமந்த காலம், மலிவான கார் பிய்த்துக்கொண்டு போகும் என்று எதிர்பார்ப்பு. முதல் ஆண்டில் சில ஆயிரம் கார்கள் போயின, பிறகு சரிவு, 1934-ல் உற்பத்தி நின்றது. காரணம் எளிது. அமெரிக்காவில் சிலிண்டர் அளவு வரி கிடையாது, பெட்ரோல் மலிவு, கிட்டத்தட்ட அதே விலைக்கு முழு அளவு ஃபோர்டு கிடைத்தது. பிரிட்டனில் செவனைத் தூக்கிவிட்ட காற்று அங்கே அடிக்கவில்லை. அந்தக் கம்பெனி பான்டம் என்று பெயர் மாறி, 1940-ல் அமெரிக்க ராணுவத்துக்காக முதல் ஜீப்பை உருவாக்கியது. ஆனால் பெரிய ஆர்டர்களை வில்லிஸும் ஃபோர்டும் எடுத்துக்கொண்டன.

கடைசி ஆண்டுகள்

1918 முதல் 1924 வரை பர்மிங்காமின் ஒரு தொகுதிக்கு ஆஸ்டின் நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்தார். கம்பெனி மூழ்கிக்கொண்டிருந்த அதே வருடங்கள். அரசியலில் சொல்லும்படி எதுவும் இல்லை.

1930களின் பெருமந்தத்தில் பல பிரிட்டிஷ் கார் கம்பெனிகள் தடுமாறியபோது ஆஸ்டின் கம்பெனி லாபத்திலேயே ஓடியது. அதில் செவனுக்குப் பெரும் பங்கு உண்டு, அதை மறுக்க முடியாது. 1936-ல் அவருக்கு பிரபு பட்டம். அதே ஆண்டு கேம்பிரிட்ஜின் கேவண்டிஷ் ஆய்வகத்துக்கு 2,50,000 பவுண்ட் நன்கொடை கொடுத்தார். அணுவின் உட்கருவைக் கண்டறிந்த ரூதர்ஃபோர்டு நடத்திய ஆய்வகம் அது. 1941 மே 23 அன்று லிக்கி கிரேஞ்ச் வீட்டில் ஆஸ்டின் இறந்தார். வெளியே இரண்டாம் உலகப் போர். லாங்பிரிட்ஜ் மறுபடியும் ஆயுதம் செய்துகொண்டிருந்தது. பேட்டன் சேர்மன் ஆனார்.

1952-ல் ஆஸ்டினும் மோரிஸும் இணைந்து பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன் ஆனது. 1959-ல் அதே லாங்பிரிட்ஜிலிருந்து இன்னொரு குட்டி கார் வந்தது. முதலில் அதை ஆஸ்டின் செவன் என்ற பழைய பெயரிலும் விற்றார்கள். அதுதான் மினி. செவனைவிடப் பல மடங்கு, 50 லட்சத்துக்கும் மேல் விற்றது. ஃபோர்டு கம்பெனி ஒரு மினியை வாங்கிப் பிரித்துப்போட்டுக் கணக்குப் பார்த்தது. இந்த விலைக்கு விற்றால் ஒவ்வொரு வண்டிக்கும் நஷ்டம் என்பது அவர்கள் கண்டது. பேட்டன் மாதிரி காசை எண்ணும் ஆளும், எங்கல்பாக் மாதிரி செலவைக் குறைக்கும் ஆளும் அப்போது அங்கே இல்லை. விற்பனைப் பட்டியலில் மினி மேலேயே இருக்க, தாய்க் கம்பெனி கீழே போய்க்கொண்டிருந்தது. 1975-ல் அரசு அதைத் தேசியமயமாக்கியது. 2005-ல், எம்.ஜி. ரோவர் என்ற கடைசிப் பெயரில், லாங்பிரிட்ஜ் நின்றது. சுமார் 6,000 பேருக்கு வேலை போனது.

மினி இன்றும் தயாராகிறது. ஆக்ஸ்போர்டில், ஒரு காலத்தில் மோரிஸ் கோலோச்சிய கௌலி பகுதியில். உரிமையாளர், பி.எம்.டபிள்யூ.